லேமினேஷன் மாப்பிள்ளை

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் உறைமீன் பிரிவில் வேலை பார்த்த அசாருதீனுக்கு, தான் சொந்த ஊரான புதுமடத்தின் கடலில் கணவாய் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவந்தது.

அந்த மலையாளி அம்மா தள்ளுவண்டியை நிறுத்தி, ஒரு கணவாய்ப் பாக்கெட்டின் மூலையில் இருந்த கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தார். போனைப் பார்த்தார். ஃப்ரீசருக்குள் தலையை விட்டு அடுக்கிக்கொண்டிருந்த அசாருதீனைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

"இது நிங்ஙளல்லே?"

அசாருதீன் கையுறையைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான். அவனேதான். கோட்டு, தொப்பி, கழுத்து நிறைய பூமாலை. அவனுடைய நிக்காஹ் போட்டோ. அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'அசாருதீன். பாரம்பரிய மீனவர். இந்தக் கணவாயை உங்களுக்காக அன்புடன் பிடித்தவர்.' அதற்கும் கீழே ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது. 'இப்போது கடலில் இருக்கிறார்.'

"இல்லம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றான் அசாருதீன். சொல்லும்போதே அவனுக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த அம்மா நம்பவில்லை. அவனோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, இன்னொரு பாக்கெட்டையும் வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

அசாருதீன் கடலுக்கே போகாதவன் என்று சொல்ல முடியாது. முந்தைய வேலை போய், அடுத்த விசாவுக்காக ஊரில் காத்திருந்த நாட்களில் காக்கா என்று அவன் கூப்பிடும் அண்ணன் ஹமீது சுல்தானின் வள்ளத்தில் சில தடவை போயிருக்கிறான். போன தடவையெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறான். அந்தச் சமயத்தில்தான் ராமநாதபுரத்தில் இருக்கும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஊருக்கு வந்து முகாம் போட்டது. 'மீன்தடம்' என்று ஓர் ஆப். எந்த மீனை யார், எங்கே, எப்படிப் பிடித்தார் என்று சாப்பிடுகிறவர் தட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பதிவு செய்தவர்களுக்குப் பச்சை நிறத்தில் ஒரு டீஷர்ட் தந்தார்கள். டீஷர்ட் நன்றாக இருந்ததால் அசாருதீனும் பதிந்தான். அப்போது கொடுக்க வேறு போட்டோ இல்லை. போனில் கிடந்த கல்யாணப் போட்டோவைக் கொடுத்தான்.

மதிய இடைவேளையில் மனைவி தஸ்னீமைக் கூப்பிட்டான்.

"நான் கடல்ல இருக்கேனாமே? என்ன நடக்குது அங்கன?"

தஸ்னீம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமா, காலையில போனீங்க. இன்னும் திரும்பல" என்றாள்.

"வெளாட்டுப் பேச்சு பேசாத தஸ்னீம்."

"வெளாட்டு இல்லங்க. ஒங்க காக்காகிட்ட கேளுங்க. அவுங்கதான் தினமும் ஒங்களக் கூட்டிட்டுப் போறாக."

ஹமீது சுல்தான் கரைக்கு வந்ததும் போனில் விளக்கம் தந்தார். வள்ளத்தில் மூன்று பேர் என்று பதிவாகியிருக்கிறது: அவர், தொழிலாளி பாக்கர், அசாருதீன். மூன்று பேரும் முகத்தைக் காட்டினால்தான் ஆப் கடலுக்குப் போக அனுமதி கொடுக்கும். ஒரு முகம் குறைந்தாலும் அன்றைய கணவாய்க்குப் பச்சை முத்திரை கிடையாது. முத்திரை இல்லாத கணவாயைக் கம்பெனி தொடாது.

"என் பேர எடுத்துர வேண்டியதுதான காக்கா?"

"எடுக்கணும்னா நீ நேர்ல வந்து மூஞ்சியக் காட்டணுமாம்ல. அவன் ஊர்ல இல்ல, அதுனாலதான் எடுக்கச் சொல்றோம்னு சொன்னேன். இல்லாத ஆள எப்படி எடுக்கிறதுன்னு கேக்குறாங்ய. சரின்னுட்டு, ஒன் கல்யாணப் போட்டோவத் தூக்கிட்டுப் போயி காட்டுனேன். ஒரே நொடி. பச்சை டிக்கு விழுந்துருச்சு."

"நீங்க, பாக்கர் காக்கா எல்லாம்?"

"அதையேன் கேக்குற. பதிஞ்சப்ப எனக்குத் தாடி இல்ல. இப்ப இருக்கு. நான் நான் இல்லங்குது. பாக்கர் மூஞ்சியில தண்ணி தெறிச்சா அவனும் அவன் இல்லங்குது. நாங்க ரெண்டு பேரும் மூஞ்சியக் கழுவி, தொடச்சு, சிரிச்சு ஒப்பேத்துறதுக்குள்ள வெயில் ஏறிருது. நீ மட்டுந்தான் ஏலே ஒரு தடவகூடத் தப்பாம வார. அதுனால பிடிக்கிறதையும் ஒன் பேர்லயே ஏத்திர்றது."

கண்ணாடிச் சட்டம் வெயிலுக்குப் பளபளத்ததால் தஸ்னீம் போட்டோவை வெளியே எடுத்து, பக்கத்து ஊரான உச்சிப்புளியில் லேமினேஷன் போட்டுக் கொடுத்திருந்தாள். வள்ளத்தின் முன்பக்கம் ஒரு கயிற்றில் அது தொங்கியது. உப்புத் தண்ணீர் பட்டாலும் துடைத்துவிடலாம்.

ஒரு விஷயம் மட்டும் அசாருதீனுக்கு உறைத்தது. அன்று மாலை தஸ்னீமிடம் கேட்டான்.

"அந்தப் போட்டோவுல நீயும்தான இருந்த?"

"இருந்தேன். ஒரு படத்துல ஒரு ஆள்தான் இருக்கணுமாம். ரெண்டு முகம் இருந்தா ஆப்பு ஏத்துக்கிற மாட்டேங்குது."

"வெட்டிட்டியா?"

"வெட்டுவனா? என்னைய முதுகுப் பக்கமா மடக்கித்தான் லேமினேஷன் போட்டேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அசாருதீன்தான் போனை வைத்ததும் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்து, அவளைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் பிஜு கூப்பிட்டார். செல்ஃபி எடுத்த அம்மா அதை ஏதோ குரூப்பில் போட்டு, அது சுற்றித் தலைமை அலுவலகம் வரைக்கும் போயிருந்தது. கம்பெனி விசாவில் இருந்துகொண்டு வேறு வேலை பார்ப்பது விதிமீறல். விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"சார், நான் ஒங்க முன்னாடிதான நிக்கிறேன்?"

"நிக்கிறது எனக்குத் தெரியும் அசாரு. சிஸ்டத்துக்குத் தெரியணுமே." பிஜு கணினியைத் திருப்பிக் காட்டினார். "நேத்து காலை இங்க நீ கைரேகை வெச்சிருக்கே. அதே நேரம் அங்க முகம் காட்டியிருக்கே. ரெண்டு சிஸ்டமும் கரெக்டா வேலை செய்யுதுன்னு ஐடி ஆளுங்க எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்ப தப்பு எங்க இருக்கு?"

"எங்க சார்?"

"ஒன்கிட்டதான் இருக்கணும்."

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். அசாருதீன் மீன் பிடிப்பதில்லை என்று அந்த ஏற்றுமதிக் கம்பெனியிடமிருந்தே ஒரு சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அதற்காக உடனே லீவு. மூன்று வருடமாகக் கெஞ்சியும் கிடைக்காத லீவு, மீன் பிடித்த குற்றத்துக்காக அவனுக்குக் கிடைத்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது தஸ்னீம் அவனை வெகுநேரம் பார்த்தாள். ஃப்ரீசர் குளிரும் குபூஸ் ரொட்டியும் அவன் கன்னங்களை உப்ப வைத்திருந்தன. முன்மண்டையில் முடி விடைபெற்றிருந்தது.

"என்ன அப்படிப் பாக்குற?"

"போட்டோவுலயே பாத்துப் பழகிருச்சு" என்றாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அண்ணனும் தம்பியும் ராமநாதபுரம் போனார்கள். கம்பெனியில் 'நிலைத்த வளர்ச்சி அதிகாரி' என்ற பலகைக்குப் பின்னால் வினோத்குமார் என்ற இளைஞர் இருந்தார். பெயரைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அசாருதீனா! சார், நீங்கதான் எங்க ஸ்டார்! ஒங்களத் தேடிட்டு இருக்கேன். 'பசுமைக் கடலோடி' விருது இந்த வருஷம் ஒங்களுக்குத்தான். இந்தக் கடற்கரையிலேயே ஒங்களோட கார்பன் ஸ்கோர்தான் கம்மி. நீங்க பைக் ஓட்டுறதில்ல. பீடி குடிக்கிறதில்ல. பிளாஸ்டிக் பாட்டில் தூக்கிப் போட்டதில்ல. கடல்ல ஒரு பொட்டுக் குப்பை போட்டதில்ல. எப்படி சார்?"

ஹமீது சுல்தான் தம்பியின் காதில் சொன்னார். "கரைக்கு வந்ததும் கேள்வி கேக்கும்ல. குப்பை போட்டாரா, பீடி குடிச்சாரான்னு. ஒனக்கு இல்ல, இல்லன்னு போட்டேன். பொய்யா சொன்னேன்? நீ போடலைல?"

அசாருதீன் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். வினோத்குமாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், இத வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"ஷார்ஜாவுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு விருது வேணாம். பேர எடுத்துட்டு, நான் மீன் பிடிக்கலைன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க. போயிடுறேன்."

பெயரை எடுக்க முகம் காட்ட வேண்டும். காட்டினான். திரை சிவந்தது. 'முகம் பொருந்தவில்லை.' ஜன்னல் பக்கம் நிற்க வைத்தார்கள். மூச்சை இழுத்துக் கன்னத்தை ஒடுக்கச் சொன்னார்கள். வாட்ச்மேனின் தொப்பியை வாங்கி வழுக்கையை மறைத்தார்கள். பொருந்தவில்லை.

"போட்டோ கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார் வினோத்குமார்.

ஹமீது சுல்தான் விடியற்காலையில் முகத்தை மட்டும் காட்டி வள்ளத்தை அனுப்பிவிட்டு வந்திருந்தார்; போட்டோ அந்த நேரத்தில் பாக்கரோடு கடலில் இருந்தது.

வினோத்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் மேலே கணவாய் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இருந்தது. "சார், அடுத்த வாரம் விழா. வெளிநாட்டுலருந்து கொள்முதல் மேடம் வர்றாங்க. ஒங்க படம் போட்ட பேனர் அடிச்சாச்சு. மேடைக்கு மட்டும் வந்துட்டுப் போயிருங்க. முடிஞ்ச மறுநாள் சர்டிபிகேட் என் பொறுப்பு."

விழா ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. 'கார்பன் இல்லாக் கடல்' என்று பெரிய எல்இடி திரையில் ஓடியது. அந்தத் திரைக்கு மின்சாரம் போதாமல் வாசலில் ஒரு டீசல் ஜெனரேட்டர் புகை விட்டுக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி வாசித்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பச்சை டீஷர்ட் போட்ட மீனவர்கள் முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டு, படம் எடுத்ததும் பின் வரிசைக்கு அனுப்பப்பட்டார்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகாததால் எல்லோருடைய ஸ்கோரும் நன்றாக இருந்தது.

தஸ்னீம், ஹமீது சுல்தான், பாக்கர் மூவரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். விழா முடிந்ததும் நேராக வள்ளத்துக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட வேண்டும் என்று, பாக்கர் லேமினேஷன் போட்டோவை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார்.

கொள்முதல் மேடம் ஒரு கணவாய்ப் பாக்கெட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி ஸ்கேன் செய்தார். திரை முழுக்கப் புது மாப்பிள்ளை சிரித்தார். கைதட்டல். "அவரையே இப்போது சந்திப்போம்" என்று அறிவித்தார்கள். அசாருதீன் மேடை ஏறினான். மேடம் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு காரியம் செய்தார். தன் கையில் இருந்த போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

எல்இடி திரை ரத்தச் சிவப்பாக மாறியது. 'முகம் பொருந்தவில்லை. இவர் அசாருதீன் அல்ல.'

ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. வினோத்குமார் மேடையின் ஓரத்தில் நின்று சுவரோரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பாக்கருக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் பையோடு ஓடி வந்து, வள்ளத்தில் தினமும் செய்கிற மாதிரியே போட்டோவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

பச்சை டிக்.

கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. ஏன் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சிவப்பு பச்சையானது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. மேடத்துக்கும்தான்.

அவர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். திருப்பினார். முதுகுப் பக்கம் மடங்கியிருந்த தஸ்னீம் பட்டுச் சேலையில் சிரித்தாள். இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவர் மனைவி" என்றார் வினோத்குமார்.

"இவரும் மீன் பிடிப்பவரா?"

வினோத்குமார் ஒரு கணம்தான் யோசித்தார். பெண்கள் பங்கேற்பு என்ற கட்டத்தில் கம்பெனிக்கு இரண்டு வருடமாக ஒரு மார்க்கும் விழவில்லை. "ஆமாம்" என்றார்.

தஸ்னீமை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தார்கள். அவள் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. ஆனாலும் தெளிவாகப் பேசினாள்.

"நான் கடல்ல கால் நனைச்சதோட சரி. எங்க வீட்டுக்காரருக்கும் கடல் ஒத்துக்கிறாது. அவுக ஷார்ஜாவுல இருந்தாக. தினமும் கடலுக்குப் போனது இந்தப் போட்டோதான். ஒரு ஆளு தூரதேசத்துல கெடக்குறாரு, அவரு இங்கன இருக்காருன்னு ஒங்க மிஷினு சத்தியம் பண்ணுது. எனக்கு அதக் கேக்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அதுனால நானும் ஒண்ணும் சொல்லல."

பின்வரிசையில் இருந்த மீனவர்கள் சிரித்துவிட்டார்கள். மேடம் மொழிபெயர்ப்புக்காகத் திரும்பினார்.

"கணவர் தூரக் கடலில் இருந்தாலும் நம் தொழில்நுட்பத்தால் அருகில் இருப்பதாக உணர்கிறாராம்" என்றார் வினோத்குமார். யோசித்துப் பார்த்தால் அது முழுப்பொய்யும் இல்லை. மேடம் தஸ்னீமைக் கட்டிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

மறுநாள் சான்றிதழ் கேட்டுப் போனான் அசாருதீன். வினோத்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், நேத்துத்தான் ஒங்கள இந்தக் கடற்கரையிலேயே சிறந்த மீனவர்னு அறிவிச்சிருக்கோம். இன்னைக்கு நீங்க மீனவரே இல்லைன்னு எப்படி சார் எழுதித் தர்றது? கொஞ்ச நாள் போகட்டும். அதுவரைக்கும் நிஜமாவே கடலுக்குப் போயிட்டு வாங்களேன். மேலிடத்துல பேசி படத்த மாத்தி, இப்ப இருக்குற ஒங்க முகத்தப் போட்டுத் தர்றேன்."

வேறு வழியில்லை. போட்டோ வீட்டுக்கு வந்தது. தஸ்னீம் லேமினேஷனைப் பிரித்துத் தன் பக்கத்தை நிமிர்த்தி வைத்தாள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டிருந்தது. அசாருதீன் வள்ளம் ஏறினான்.

கடல் அவனை மறக்கவில்லை. கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. பாக்கர் தூண்டிலில் கணவாய் கணவாயாக இழுத்துப் போட்டார். அசாருதீன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் கைநழுவிக் கடலில் போனது. சுருண்டு கிடந்தவனைச் சீக்கிரம் கரை சேர்க்க ஹமீது சுல்தான் இன்ஜினை முறுக்கியதில் டீசலும் கூடுதலாகச் செலவானது.

கரையில் ஆப் கேட்டது. 'கடலில் கழிவு கொட்டினீர்களா?'

"இல்லன்னு போடுலே" என்றார் ஹமீது சுல்தான்.

அசாருதீனுக்கு மனசு வரவில்லை. போட்டோ ஒருபோதும் பொய் சொன்னதில்லை. தான் சொன்னால் கேவலம் என்று பட்டது. 'ஆம்' என்று அழுத்தினான். எத்தனை முறை என்று கேட்டது. வாந்தியை எண்ணவில்லையே என்று யோசித்து, 'பலமுறை' என்பதை அழுத்தினான். பிளாஸ்டிக்? ஆம்.

சில நாட்கள் இப்படியே போயின. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் நடத்தையில் வருந்தத்தக்க மாற்றம் காணப்படுகிறது. சுற்றுச்சூழல் மீறல் காரணமாக உங்கள் மீனவர் தகுதி ரத்து செய்யப்படுகிறது. இனி நீங்கள் மீனவராகக் கருதப்பட மாட்டீர்கள்.'

அசாருதீன் துள்ளிக் குதித்து அதை ஷார்ஜாவுக்கு அனுப்பினான். பிஜுவிடமிருந்து பதில் வந்தது. நீ மீனவன் இல்லை என்பதைத் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் கடலில் பலமுறை கழிவு கொட்டியவரைப் பணியில் வைத்திருப்பது கம்பெனியின் பசுமைக் கொள்கைக்கு ஒத்துவராது. வருந்துகிறோம்.

படித்துவிட்டுக் கரையில் வள்ளத்து நிழலில் போய் உட்கார்ந்தான். ஹமீது சுல்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மனச விடாதலே. போட்டோவா இருந்தப்ப ஒழுங்காத்தான் வேல பாத்த. ஆளா வந்ததுலதான் கெட்டுப்போச்சு."

அசாருதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.

யோசனை தஸ்னீமுடையது. மீன் பிடிக்கத் தெரியாதே தவிர, அவனுக்கு மீனைக் கெடாமல் வைக்கத் தெரியும், சுத்தம் செய்து வெட்டத் தெரியும், பார்க்கிறவர் கண்ணுக்கு அழகாக அடுக்கத் தெரியும். உச்சிப்புளியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் பிடித்தார்கள். அண்ணன் வள்ளத்துக் கணவாயில் கம்பெனிக்குப் போனது போக மிச்சம் இங்கே வந்தது. தஸ்னீம் கூடவே நின்று கழுவிக் கொடுத்தாள்.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் பக்கத்துக் கிராமத்துக் கனகலட்சுமி. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். கணவாயைத் தொடுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்.

"இது யாரு வள்ளத்து மீனு?"

"எங்க காக்கா ஹமீது சுல்தான் வள்ளம்மா."

"தூண்டிலா வலையா?"

"தூண்டில்."

"என்னைக்குப் பிடிச்சது?"

"இன்னைக்குக் காலையில."

"காலையிலன்னா எப்ப? ஐஸ் போட்டீகளா? போட்டீகன்னா எம்புட்டு நேரம்? ஒங்க காக்கா பொய் சொல்ற ஆளா?" ஒன்றைத் தூக்கி முகர்ந்தார். தோலை நகத்தால் சுரண்டினார். கண்ணை விரலால் அமுக்கினார். "இதுல ஏதும் மருந்து கிருந்து?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா."

"அவரு மேல பண்ணுனா நம்பலாம்" என்றார் கனகலட்சுமி. ஆனால் நம்பவில்லை. எல்லாவற்றையும் புரட்டி, அடியில் இருந்ததை எடுத்து வெளியே வைத்தார். "நாளைக்கு என் மகளுக்கு வயித்த வலிச்சுச்சுன்னா வந்து இங்கன உக்காந்துக்கிருவேன், பாத்துக்க."

"வாங்க, டீ வாங்கித் தாரேன்" என்றாள் தஸ்னீம், கணவாயை வாங்கி மையைக் கழுவத் தொடங்கியபடி. "இன்னும் கொஞ்சம் சின்னதா வெட்டவா, இது போதுமா?"

"பொறு, பொறு. மொதல்ல கத்தியக் கழுவு."

அசாருதீன் கத்தியை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.